வீட்டுக் குளத்து மீனைக் கொக்குக்கு விடாமல் இருக்க

காலையில் தீனி போடப் போகிறீர்கள். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு மீனும் மேலே வரவில்லை. எல்லாம் அடியில் ஒரு மூலையில் ஒண்டிக் கிடக்கின்றன. இப்படி இருந்தால், முந்தின மாலையோ அன்று விடியலிலோ ஒரு பறவை வந்து போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். உடனே வலை வாங்க ஓட வேண்டாம். வந்தது எது, எந்த வழியாக வந்தது என்று தெரிந்தால்தான் எதை அடைப்பது என்று தெரியும். கொக்குக்குப் போட்ட தடுப்பு மீன்கொத்தியை ஒன்றும் செய்யாது. மீன்கொத்திக்காகச் செய்ததை நீர்க்காகம் சட்டை செய்யாது.

முதலில், வந்தது பறவைதானா?

மீன் செத்து மிதந்தால் பறவையைத் திட்டாதீர்கள். விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேல்மட்டத்தில் நின்றாலும், பெரிய மீன்களாகப் பார்த்துச் செத்தாலும், அநேகமாக அது ஆக்சிஜன் குறைவு. பாதி தின்ற மீனோ தலையில்லாத மீனோ கரையில் கிடந்தால் பூனை, கீரி, நீர்நாய் போன்றவற்றின் வேலை. கொக்கும் நாரையும் மீனைத் தலைப்பக்கமாக முழுசாக விழுங்கும், மிச்சம் வைக்காது. தண்ணீர்ப்பாம்பும் முழுசாகத்தான் விழுங்கும். ஆனால் அது எச்சமோ தடமோ விட்டுப் போகாது.

பறவை வந்திருந்தால் கரைக் கல்லில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளை எச்சம் இருக்கும். ஈர மண்ணில் முன்னால் மூன்று விரலும் பின்னால் நீளமாக ஒன்றும் பதிந்த தடம் இருக்கும். கரையோரம் ஒன்றிரண்டு செதில் கிடக்கலாம். தப்பிய மீன்களில் முதுகிலோ விலாவிலோ குத்துக்காயம் இருக்கிறதா என்று பாருங்கள். விழுங்க முடியாத அளவு பெரிய மீனையும் நாரை குத்திப் பார்த்துவிட்டு விடும்.

வருகிற வழிகள் நான்கு

நடந்து வருபவை ஒரு கூட்டம். மடையான் என்கிற குருட்டுக் கொக்கு, வெள்ளைக் கொக்குகள், சாம்பல் நாரை, இராத்திரியில் வரும் வக்கா. இவை பெரும்பாலும் சற்றுத் தள்ளி இறங்கி, கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பார்த்துவிட்டு, நடந்துதான் கரைக்கு வரும். மடையான் கால் குட்டை. அது கரையில் நின்றோ, சில அங்குலத் தண்ணீரில் இறங்கியோதான் பிடிக்கும். மண் நிறத்தில் கழுத்தை உள்ளிழுத்து நிற்கும்போது பக்கத்தில் போகும்வரை கண்ணில் படாது. பறக்கும்போது இறக்கையின் வெள்ளை தெரிந்து திடுக்கிட வைக்கும். சாம்பல் நாரை ஒரு மீட்டர் உயரம் வரை நிற்கும் பறவை. முழங்கால் ஆழத் தண்ணீரிலும் நிதானமாக இறங்கி நடக்கும். பகலெல்லாம் காவல் இருந்தும் மீன் குறைகிறது என்றால் வக்காவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மேலிருந்து பாய்வது. மீன்கொத்தி மின்கம்பியிலோ குழாயிலோ மதிலிலோ உட்கார்ந்து குறிபார்த்து விழும். கரையின் சரிவு, தண்ணீரின் ஆழம் எதுவும் அதற்குத் தடையில்லை. ஆனால் அதன் வாய்க்குத் தக்க மீனைத்தான் எடுக்கும். விரல் நீளக் குஞ்சுகள் போகும், உள்ளங்கை அளவு மீன்கள் தப்பும்.

மூன்றாவது, முங்கி நீந்தித் துரத்தும் நீர்க்காகம். ஆழமான குளம் இதற்கு வசதிதான். எழும்பிப் பறக்க நீர்ப்பரப்பில் ஓட்டம் தேவைப்படுவதால் சிறு குளங்களுக்கு அவ்வளவாக வராது. ஐந்தாறு மீட்டருக்கு மேல் நீளமான திறந்த குளமாக இருந்தால் எதிர்பாருங்கள். வந்தால் கூட்டமாக வரும், அரை மணியில் காலி செய்யும்.

நான்காவது, பறந்தபடியே மேல்பரப்பில் இருந்து தூக்கிப் போகும் பருந்துகள். காகமும் இந்தக் கணக்கில் சேர்த்தி, ஆனால் அதற்கு நோஞ்சான் மீனும் ஆழமில்லாத தண்ணீரும் வேண்டும்.

குளத்தின் அமைப்பில் செய்ய வேண்டியவை

இனிமேல்தான் குளம் வெட்டப் போகிறீர்கள் என்றால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். கரை செங்குத்தாக இறங்கட்டும், ஆழம் 90 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். தண்ணீர் மட்டம் கரை விளிம்புக்கு 15 முதல் 20 செ.மீ. கீழே நின்றால் மடையான் எட்டிக் கொத்தச் சிரமப்படும்.

கட்டிய குளங்களில் பெரிய ஓட்டை, செடித்தொட்டி வைக்க என்று விளிம்பை ஒட்டிக் கட்டும் படிதான். 20, 30 செ.மீ. ஆழத்தில் ஒரு படி என்றால் நாரைக்கு அதைவிட நல்ல மேடை கிடையாது. படியை இடிக்க வேண்டியதில்லை. தொட்டிகளை இடைவெளி விடாமல் நெருக்கி வைத்துவிட்டால் கால் வைக்க இடமிருக்காது. அருவி போலக் கல் அடுக்கியிருந்தால் தட்டையான கல் ஒன்று நிச்சயம் தண்ணீருக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருப்பிச் சாய்வாக வைத்துவிடுங்கள்.

மீனுக்குப் பதுங்க இடம் வேண்டும். எளிதான வழி, 6 அங்குல பி.வி.சி. குழாயை 50, 60 செ.மீ. துண்டுகளாக வெட்டி, குளத்தின் மிக ஆழமான இடத்தில் போடுவது. இரண்டு வாயும் திறந்திருக்கட்டும். ஒரு பக்கம் அடைத்தால் உள்ளே கழிவு சேரும், மீனும் திரும்பத் திணறும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்க்காமல் போட்டால், பயந்து பாயும் மீன் செதில் உரிந்து வரும். பி.வி.சி. தண்ணீரில் முங்கும். கறுப்பு எச்.டி.பி.இ. (ஒருவகை பிளாஸ்டிக்) குழாய் மிதக்கும், அதை வாங்கி ஏமாற வேண்டாம். அடியில் தார்ப்பாய் விரித்த குளமானால் குழாய்க்கும் பாய்க்கும் நடுவில் ஒரு பழைய பாய்த்துண்டோ தடித்த துணியோ கிடக்கட்டும். எத்தனை துண்டு என்றால், எல்லா மீனும் ஒரே நேரத்தில் நுழைந்தாலும் நெருக்கடி இல்லாத அளவு.

அல்லி, தாமரை இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடினால் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மீன் தெரிவது மிகவும் குறையும். முக்கால்வாசிக்கு மேல் போனால் காற்று தண்ணீரில் கலப்பது குறைந்து, இரவில் மீன் திணறும். புதுக் குளத்தில் செடி வளரும் முன்பே சிவப்பும் வெள்ளையுமாக மீன் விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. தெளிந்த தண்ணீர், வெறும் தரை, பளிச்சென்ற மீன். இதற்கு மேல் கொக்குக்கு என்ன அழைப்பு வேண்டும்? முதலில் செடி, பிறகு மீன். அவசரம் என்றால் செடி விரியும்வரை வலை.

வலை: உறுதியான வழி இது ஒன்றுதான்

மற்ற எல்லாமே பறவையைத் தாமதப்படுத்துபவை. நான்கு வழிகளையும் ஒருசேர அடைப்பது வலை மட்டும். ஆனால் தொய்வாகப் போட்ட வலை, வலையே இல்லாததைவிட மோசம். நாரை அதன் மேல் ஏறி நிற்கும், எடைக்கு வலை தண்ணீர்வரை இறங்கும், கண் வழியே கொத்தி எடுக்கும். பாம்பு, வௌவால், சின்னக் குருவி எல்லாம் சிக்கிச் சாவதும் தொய்ந்த வலையில்தான்.

கண் அளவைப் பார்த்து வாங்குங்கள். நாரை, கொக்கு, நீர்க்காகத்துக்கு 4 செ.மீ. கண் போதும். மீன்கொத்தி உண்டு என்றால் 2 செ.மீ. அல்லது அதற்கும் குறைவு. கடையில் சொல்லும் அளவு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலைக்காரர்கள் கண்ணை இழுத்துப் பிடித்து அளப்பார்கள், அந்தக் கணக்கு சதுரத்தின் ஒரு பக்கத்தைப் போல இரண்டு மடங்கு. இழுத்த அளவில் 4 செ.மீ. என்றால் சதுரமாக விரித்தால் 2 செ.மீ.தான். தங்கூசி என்கிற மெல்லிய நைலான் நரம்பில் பின்னியதை எடுக்கவே வேண்டாம். அது மீனைப் பிடிக்கச் செய்தது, பறவையையும் அப்படியே பிடிக்கும். வெயில் தாங்கும்படி செய்த, முறுக்கு நூலில் பின்னிய எச்.டி.பி.இ. வலைதான் சரி.

3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலக் குளத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் 30 செ.மீ. விட்டுச் சட்டம் அமைத்தால் சட்டம் 3.6 × 2.6 மீட்டர். இதற்குத் தேவையானவை:

ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், 1.2 மீட்டர் துண்டுகள் 6 (தூண்கள்)
ஒரு அங்குல ஜி.ஐ. குழாய், 3.6 மீட்டர் 2, 2.6 மீட்டர் 2 (மேல்சட்டம்)
3 மி.மீ. எஃகுக் கம்பிக்கயிறு 10 மீட்டர்
டர்ன்பக்கிள் (கம்பிக்கயிற்றை முறுக்கி விறைப்பாக்கும் திருகு) 3, வளையத் திருகாணி 6, கம்பிக் கிளிப் 12
வலை 5.5 × 4.5 மீட்டர், ஒரே துண்டாக
கறுப்பு கேபிள் டை 100

நான்கு மூலைக்கு நான்கு தூண், நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று. நடுத்தூண் இல்லாவிட்டால் கம்பிக்கயிறு இழுக்கிற இழுப்பில் நீளச் சட்டம் உள்பக்கமாக வில்லாக வளையும். தூணை 45 செ.மீ. புதைத்துக் கான்கிரீட் போட்டால் தரைக்கு மேல் 75 செ.மீ. நிற்கும். வலைக்கும் தண்ணீருக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால் நாரை மேலே நின்றாலும் அலகு எட்டாது. வேறு விதமாகக் கட்டினாலும் 45 செ.மீ.க்குக் கீழே போகாதீர்கள். கான்கிரீட் ஒரு வாரம் நனைந்து இறுகட்டும். மறுநாளே கம்பியை இழுத்துக் கட்டினால் தூண் சாயும்.

கம்பிக்கயிற்றை அகல வாக்கில், 90 செ.மீ.க்கு ஒன்றாக மூன்று இடத்தில் கட்டுங்கள். டர்ன்பக்கிளை முழுவதும் திறந்து நீட்டி வைத்த நிலையில் மாட்ட வேண்டும். மூடிய நிலையில் மாட்டிவிட்டால் பிறகு முறுக்க இடமே இருக்காது. கயிறு வளையத்தில் புகுந்து மடங்கித் திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப். கிளிப்பின் தட்டையான இருக்கை, இழுவை தாங்கும் நீளக் கயிற்றின் மேல் உட்கார வேண்டும். யு வடிவக் கம்பி, வெட்டிய சிறு வாலை அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் யு கம்பி, சுமை தாங்கும் கயிற்றை நசுக்கி, முடுக்க முடுக்க வலுவிழக்கச் செய்யும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருப்பதால் இந்தத் தவறு சர்வ சாதாரணம்.

வலையை விரித்து, ஒரு நீளப் பக்கத்தின் நடுவிலிருந்து இரு மூலைக்கும் கட்டிக்கொண்டு போங்கள். பிறகு எதிர்ப்பக்கம், அதையும் நடுவிலிருந்தே. மூலையில் தொடங்கினால் கடைசி மூலையில் மடிப்பு விழுந்து தொங்கும். சட்டத்தில் 20 செ.மீ.க்கு ஒரு டை, கம்பிக்கயிற்றில் 30 செ.மீ.க்கு ஒன்று. வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் மொறுமொறுத்து உடையும், கறுப்பே வாங்குங்கள். கட்டியபின் இரண்டு கம்பிக்கு நடுவே உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். டப்பென்று எதிர்த்துத் தள்ள வேண்டும். விரலைச் சுற்றிக் குழைந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள், டர்ன்பக்கிளை மட்டும் முறுக்கிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

பக்கவாட்டில் தொங்குவதில் 20 செ.மீ. தரையில் மடிந்து கிடக்கும். அதைக் கூடார முளை போல வளைத்த கம்பியால் அரை மீட்டருக்கு ஒரு குத்து. ஒரு நீளப் பக்கத்தை மட்டும் முளை அடிக்காமல், கீழே ஒரு குழாயைக் கோத்துக் கொக்கியில் மாட்டி வைத்தால் தீனி போடவும் பம்பு கழுவவும் தூக்கிக்கொள்ளலாம். பக்கத்தைத் திறந்தே விட்டால் மடையான் வலைக்கு அடியில் நடந்து போய் நிழலில் நின்று மீன் பிடிக்கும்.

வலை வேண்டாம் என்றால் கயிறு வேலி

அழகு கெடுகிறது என்று வலையை மறுப்பவர்களுக்கு, நடந்து வரும் பறவைகளை மட்டும் தடுக்க இது உதவும். நீர்விளிம்பில் இருந்து 30 செ.மீ. வெளியே, மீட்டருக்கு ஒரு முளை. 15, 30, 45 செ.மீ. உயரங்களில் 3 மி.மீ. கயிறு மூன்று வரிசை. கீழ்க்கயிறு மடையானுக்கு, மேல் இரண்டும் நாரைக்கு. காலிலும் மார்பிலும் தட்டினால் அவை தயங்கித் திரும்பும். கயிறு கண்ணுக்குத் தெரிய வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும். கயிற்றை நீர்விளிம்புக்கு நேர் மேலே கட்டினால் பறவை வெளியே நின்றுகொண்டே கழுத்தை நீட்டிக் கொத்திவிடும். நடுவில் இறங்க ஒரு கல்லோ திட்டோ இருந்தால் வேலி வெறும் அலங்காரம். குளத்தின் குறுக்கே 30 செ.மீ. இடைவெளியில் கட்டமாகக் கயிறு கட்டினால் பெரிய பறவைகள் நேராக வந்து இறங்குவதும் குறையும். மீன்கொத்தி அதற்குள்ளும் புகும். அதற்குச் செய்யக்கூடியது, குளத்தைப் பார்த்த மாதிரி இருக்கும் கிளை, கம்பி, கொடிக்கயிறு போன்ற உட்காரும் இடங்களை அகற்றுவது.

மிரட்டும் சாமான்கள்

அசைவைக் கண்டு தண்ணீர் பீய்ச்சும் சென்சார் தெளிப்பான்தான் இவற்றில் உருப்படி. பறவை நடந்து வரும் பாதையைப் பார்த்து, தரையில் இருந்து முழங்கால் உயரத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை இடத்தை மாற்றுங்கள். குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால்தான் பீய்ச்சும், இரவில் வால்வை மூடிவிட்டு வக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த சென்சார், சுற்றுப்புறச் சூட்டுக்கும் உடல் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்ந்து இயங்குவது. கொளுத்தும் நடுப்பகலில் அந்த வித்தியாசம் சுருங்குவதால் தவறவிடும். விடியலிலும் அந்தியிலும் நன்றாக வேலை செய்யும், நல்லவேளையாகக் கொக்குகளுக்கும் அதுதான் முக்கிய நேரம்.

மினுங்கும் நாடா, பழைய சி.டி., பிளாஸ்டிக் ஆந்தை எல்லாம் சில நாள் கூத்து. பழகியபின் ஆந்தைத் தலையிலேயே எச்சம் இருக்கும். பொம்மைக் கொக்கை நிறுத்தினால் வேறு கொக்கு வராது என்பதை நம்பிப் பணம் போடாதீர்கள். வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக மேய்பவை, ஒன்று நிற்பதைப் பார்த்தால் அங்கே இரை இருக்கிறது என்று இன்னொன்று இறங்கும். மீயொலிக் கருவி இன்னும் வேடிக்கை. மனிதக் காதுக்கே எட்டாத அந்த ஒலி, நம்மைவிடக் குறுகிய அதிர்வெண் வரம்பில் கேட்கும் பறவைக்கு எப்படி எட்டும்? கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற கதைதான்.

விஷம், கண்ணி, கவண் எதையும் தொடாதீர்கள். இந்தப் பறவைகளில் பலவற்றுக்குப் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உண்டு. தவிர, ஒன்றைத் துரத்தினால் அதே இடத்துக்கு இன்னொன்று வரும்.

பறவை வந்து போன பிறகு

மிஞ்சிய மீன்கள் சில நாள் சாப்பிடாது. பரிதாபப்பட்டு அள்ளிப் போட்டால் தீனி அழுகித் தண்ணீர்தான் கெடும். இரண்டு நாள் நிறுத்திவிட்டு, பிறகு சிட்டிகை அளவில் தொடங்குங்கள். கரையோரம் போடாமல் ஆழமான நடுப்பகுதியில் போடுங்கள். நிழல் விழுந்ததும் கரைக்கு ஓடிவரப் பழகிய மீன், கொக்கின் நிழலுக்கும் ஓடிவரும்.

குத்துப்பட்ட மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். குளத்துத் தண்ணீரையே நிரப்பி, காற்றுக்கல் (காற்றுப் பம்பில் மாட்டும், குமிழ் விடும் கல்) போட்டு, லிட்டருக்கு 3 கிராம் கணக்கில் அயோடின் சேராத உப்பு. 50 லிட்டர் தொட்டிக்கு 150 கிராம். அதை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனியே கரைத்து, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது. தண்ணீர் 10 லிட்டர் மாற்றினால் அந்தப் பத்துக்கு மட்டும் 30 கிராம், மொத்தத்துக்கும் மறுபடி போட்டுவிடக் கூடாது. குளத்திலேயே உப்பைக் கொட்டினால் அல்லியும் தாமரையும் வாடும். தொட்டியின் மேல் மூடி அவசியம், பயந்த மீன் துள்ளி வெளியே விழும். காயத்தைச் சுற்றிப் பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்தால் அது பூஞ்சை, உப்பை மட்டும் நம்பாமல் மருந்துக்குப் போக வேண்டும்.

எடுத்துப்போன பறவை மறுநாளும் அதே நேரத்துக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தர வலை முடியும்வரை பழைய பழக்கூடையோ மூங்கில் தட்டியோ பரப்பின் மேல் மிதக்கவிட்டாலும் அந்த வாரம் ஓடிவிடும்.

வலையில் பறவை சிக்கினால்

தினம் காலையும் மாலையும் வலையைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பது வலை போட்டவரின் கடமை. கொக்கோ நாரையோ சிக்கியிருந்தால் முதலில் உங்கள் கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி போடாமல் குனியாதீர்கள். எட்டாத தூரம் என்று நினைக்கும்போதே அந்தக் கழுத்து விருட்டென்று நீளும், குறி முகத்துக்குத்தான். தடித்த துண்டைத் தலையோடு சேர்த்து மேலே போர்த்துங்கள், இருட்டானதும் அடங்கும். துண்டுக்கு வெளியே இருந்தே தலைக்குச் சற்றுக் கீழே கழுத்தை மென்மையாக, நெரிக்காமல் பிடித்து, அலகு உங்களைப் பார்க்காதபடி திருப்பிக்கொள்ளுங்கள். இன்னொருவர் முனை மழுங்கிய கத்தரியால் வலையை வெட்டட்டும். இழுத்து உருவினால் இறக்கை முறியும். காலிலும் இறக்கை இடுக்கிலும் ஒரு நூல்கூட மிஞ்சவில்லை என்று பார்த்த பிறகு, திறந்த இடத்தில் தரையில் வைத்துத் துண்டை எடுத்துவிட்டுப் பின்னால் நகருங்கள். பறக்காமல் இறக்கையைத் தொங்கவிட்டு நின்றால் அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். வெட்டிய ஓட்டையை அன்றைக்கே தைத்துவிடுங்கள்.